மஞ்சள் விளக்கு எரிகிறதா? பசுவை விற்க வேண்டாம்!

வாகனக் கேள்வி-பதில் பகுதி

கேள்வி: ‘‘எனக்கு 3 ஏக்கர் முருங்கைத் தோட்டம் இருக்கிறது. 2015-ம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பழசாக வாங்கி ஓட்டி வருகிறேன். என் அம்மாவை வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் சிகிச்சைக்காகத் திண்டுக்கல்லுக்கு அழைத்துச் செல்வதற்கு அந்தக் கார்தான் துணை. போன வாரம் மழை பெய்த மறுநாள் காலையில் வண்டி உதற ஆரம்பித்தது. மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பட்டறையில் காட்டினேன். ‘சைலன்ஸர் பக்கம் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது. மாற்ற 42,000 ரூபாய் ஆகும்’ என்கிறார்கள். கையில் பணம் இல்லை. பால் கறக்கும் பசுவை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. குறைந்த செலவில் சரி செய்ய வழி இருக்கிறதா?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம் பகுதி.

பதில்: கடிதம் கிடைத்த உடனேயே இந்த வாசகரிடம் தொலைபேசியில் இரண்டு விஷயங்கள் சொல்லப்பட்டன. முதலாவது, ‘விளக்கு விட்டு விட்டு எரியும்வரை காரை ஓட்டாதீர்கள். அம்மாவை வாடகை வண்டியில் அழைத்துப் போங்கள்.’ இரண்டாவது, ‘பட்டறையில் எடுத்த ஸ்கேனில் என்ன கோட் எண் வந்தது என்று கேளுங்கள்.’ முதல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். இரண்டாவதற்கு அவரிடம் பதில் இல்லை. பட்டறையில் கோட் எண்ணைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 42,000 ரூபாய் என்ற தொகை மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. பசுவை விற்கும் வரைக்கும் பேச்சு போனதற்குக் காரணம் இதுதான்.

விளக்கின் நிறத்தை முதலில் பாருங்கள்

மீட்டரில் எரியும் விளக்குகள் எல்லாம் ஒன்றல்ல. சிவப்பு என்றால் உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். எண்ணெய்க் குவளை போன்ற படத்துடன் சிவப்பு விளக்கு எரிந்தால், இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். வண்டியை ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ‘இன்னும் 2 கிலோமீட்டர்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டினால் இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். தண்ணீருக்குள் வெப்பமானி நிற்பது போன்ற சிவப்பு விளக்கு வந்தால் இன்ஜின் சூடேறிவிட்டது என்று பொருள். அதற்கும் இதே கதைதான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

பேட்டரி படம் போட்ட விளக்கு வண்டி ஓடும்போது எரிந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நின்றுவிடும். இரவு நேரமாக இருந்தால் பக்கத்தில் ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துவது நல்லது.

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கில் இரண்டு வகை உண்டு. நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல ஓடினால் பதற்றம் வேண்டாம். அதிக வேகமும் அதிகப் பாரமும் இல்லாமல் ஓட்டி, ஓரிரு நாட்களில் காட்டிவிடலாம். விட்டு விட்டு எரிந்து வண்டியும் உதறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் வழியாகப் போய் கன்வெர்ட்டருக்குள் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிவிடும். அப்படி வாரக்கணக்கில் ஓட்டியிருந்தால் அந்த 42,000 ரூபாய் உண்மையான செலவாகவே ஆகியிருக்கும்.

கோட் எண் நோயின் பெயர் அல்ல

2013-ம் ஆண்டுக்குப் பிறகு வந்த கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் படும் பகுதியில் 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால், கோளாறு ஏற்பட்டபோது இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோட் எண் தெரியும். ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கி நான்கு இலக்கங்கள் வரும். பல வண்டிகளில் கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதும் பதிவாகியிருக்கும்.

ஆனால், கோட் எண் எந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. எந்த இடத்தில் அளவு தவறியிருக்கிறது என்றுதான் சொல்கிறது. இலை மஞ்சளானால் உடனே யூரியா வாங்க ஓடக் கூடாது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம், வேரில் நூற்புழு இருக்கலாம். வண்டியும் அப்படித்தான். ஆக்ஸிஜன் சென்சார் தொடர்பான கோட் வந்தால் சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், சைலன்ஸர் இணைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே போகலாம். கோட்டைப் பார்த்தவுடன் பாகத்தை மாற்றச் சொல்பவர், இலையைப் பார்த்தவுடன் மூட்டை உரம் எழுதிக் கொடுப்பவர் மாதிரி.

ஒட்டன்சத்திரம் வாசகரின் காரில் நடந்தது என்ன?

அவர் உள்ளூரில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனைத் தன் தோட்டத்துக்கே வரவழைத்தார். இரண்டு கோட்கள் வந்தன. ஒன்று பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. மற்றொன்று பி0420, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பட்டறையில் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு விலை சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் இருக்கும்போது, அந்தப் பெட்ரோலும் காற்றும் கன்வெர்ட்டர் பக்கம் உள்ள சென்சார்களின் அளவைக் குழப்பிவிடும். எரிதல் கோளாறைச் சரி செய்யும்வரை இந்த இரண்டாவது கோட்டை நம்பி எதையும் மாற்றக் கூடாது.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஆறவிட்ட பிறகு எலெக்ட்ரீஷியன் ஒரு சோதனை செய்தார். இந்தக் காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில். மூன்றாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதை மூன்றாவதற்கும் மாற்றிப் போட்டார். கோட்டை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு இரண்டாவது சிலிண்டருக்குப் போய் பி0302 என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை, மறுபடியும் பி0303-தான். பிளக்குகளை இதேபோல் மாற்றிப் போட்டார். அப்போதும் மூன்றாவது சிலிண்டர்தான். ஆக, காயிலும் நன்றாக இருக்கிறது, பிளக்கும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது வயரும் இன்ஜெக்டரும்.

டார்ச் அடித்து வயரைத் தடவிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. காயிலுக்குப் போகும் மெல்லிய வயரை எலி கடித்திருந்தது. கம்பி நூல் அளவுக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. மழை ஈரம் பட்டதும் அதுவும் தொடர்பு விட்டுப் போயிருக்கிறது. பானட்டின் மூலையில் வைக்கோல் துண்டுகளும் முருங்கை விதைத் தோல்களும் கிடந்தன. கார் நிற்கும் இடம் வைக்கோல் போருக்குப் பக்கத்தில்.

வயரை வெட்டி ஒட்டி, சால்டர் வைத்து, உறை போட்டுக் கட்டினார். பிளக்குகள் தேய்ந்திருந்ததால் மூன்றையும் புதிதாகப் போட்டார். ஸ்கேன் செய்ததற்கு 300 ரூபாய், வயர் வேலைக்கு 500 ரூபாய், பிளக்குகளுக்கு 450 ரூபாய், மொத்தம் 1,250 ரூபாய். உதறல் நின்றது. இரண்டு வாரங்களாகத் திண்டுக்கல்லுக்கு நான்கு முறை போய் வந்த பிறகும் எந்த விளக்கும் எரியவில்லை. கன்வெர்ட்டர் கோட்டும் திரும்ப வரவில்லை. பசு தொழுவத்திலேயே இருக்கிறது.

எல்லோருக்கும் 1,250 ரூபாயிலேயே முடியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையாகவே கன்வெர்ட்டர் போன வண்டிகளும் உண்டு. ஆனால், சின்னச் செலவுள்ள காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் பெரிய செலவுக்குப் போக வேண்டும்.

கிராமத்து வண்டிகளுக்கு வரும் கோளாறுகள்

எலிக்கடி: வைக்கோல் போர், தீவன மூட்டை, குப்பைக் குழி பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். விளைபொருள் ஏற்றிய பிறகு சிந்தியதைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பானட்டைத் திறந்து பார்த்தாலே எலி கூடு கட்டுவது குறையும். புகையிலை, நாப்தலின் உருண்டை போன்றவை ஓரளவுக்குத்தான் பலன் தரும். இன்ஜின் பக்கம் எலி விஷம் வைக்க வேண்டாம். செத்த எலியை நாயோ கோழியோ தின்றுவிடும்.

பம்புசெட் குளியல்: மோட்டார் தண்ணீரை வேகமாகப் பானட்டுக்குள் பீய்ச்சி அடிப்பது பலரது வழக்கம். காயில், சென்சார் இணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தால் அன்றைக்கே மஞ்சள் விளக்கு எரியும். இன்ஜினை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

புழுதி: அறுவடைக் காலத்தில் வயல் பாதையில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர், நகரத்து வண்டியைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல், கழற்றித் தட்டிப் பாருங்கள்.

வெல்டிங்: சரக்கு வண்டிக்குக் கம்பிச் சட்டம் வைக்கும்போது, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இன்ஜின் கம்ப்யூட்டரே போக வாய்ப்பிருக்கிறது.

பேட்டரி இறங்கினால்: லாரியில் இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். காரில் 12 வோல்ட். பெரும்பாலான லாரிகளில் 24 வோல்ட்.

குறைந்த செலவில் யாரிடம் போவது?

வண்டி இன்னும் வாரன்டி காலத்தில் இருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு எங்கும் வயரைத் தொடவிடாதீர்கள். வாரன்டி முடிந்த வண்டி என்றால், முதலில் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது. மஞ்சள் விளக்கு எரியும் பல கோளாறுகள் வயர், இணைப்பு, சென்சார் சம்பந்தப்பட்டவை. அரசு ஐ.டி.ஐ-களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இருக்கிறது. அங்கே படித்துவிட்டுத் தாலுகா ஊர்களில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்களை விசாரித்துப் பாருங்கள். வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் கேட்டால், ஒழுங்காக வேலை பார்ப்பவர் யார் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

செல்போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர்கள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. உழவர் உற்பத்தியாளர் குழுவிலோ சுய உதவிக் குழுவிலோ நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் கோட் எண்ணைப் படிக்க அது போதும். ஆனால், ஏர் பேக், ஏ.பி.எஸ் பிரேக் போன்றவற்றின் கோட்களை எல்லா மலிவு ஸ்கேனர்களும் காட்டாது. மலிவானவற்றில் தரக்குறைவானவையும் உண்டு; உங்கள் வண்டியில் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

கோட்டை அழித்தாலோ, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலோ விளக்கு அணைந்துவிடும். அது வைத்தியம் அல்ல. காரணம் உள்ளேயே இருந்தால் விளக்கு திரும்ப எரியும். பதிந்திருந்த தடயமும் போய்விடும். அழிப்பதற்கு முன்பு ஸ்கேனர் திரையைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாகங்கள் வாங்கச் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள், கதவு, கண்ணாடி, விளக்கு என்று வாங்கலாம். சென்சாரையும் இன்ஜின் கம்ப்யூட்டரையும் பழசாக வாங்காமல் இருப்பதே நல்லது. பாக எண் ஒத்துப்போகாவிட்டால் பணம் வீண்.

பெரிய தொகை சொன்னால் பட்டறையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என்ன கோட் எண் வந்தது? எழுதிக் கொடுக்க முடியுமா?

2. இந்தப் பாகம்தான் கெட்டுவிட்டது என்று எந்தச் சோதனையில் முடிவு செய்தீர்கள்?

3. பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு? தனித்தனியாக எழுதித் தருவீர்களா?

4. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

5. பில் உண்டா? புதுப் பாகத்துக்கு எத்தனை மாதம் உத்தரவாதம்?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், வேறு ஒருவரிடம் காட்டுங்கள். பில் வாங்கியும் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கையில் பில் இல்லை என்றால் எதையும் நிரூபிப்பது கடினம்.

கேள்வி: ‘‘பி.எஸ்-6 டீசல் சரக்கு வண்டி வைத்திருக்கிறேன். வயலுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் 4 கிலோமீட்டர்தான். அடிக்கடி சைலன்ஸர் படத்தில் புள்ளிகள் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. அந்த ஃபில்டரைக் கழற்றிவிட்டால் தொல்லை இருக்காது என்கிறார்கள். செய்யலாமா?’’

- வாசகர், மன்னார்குடி பகுதி.

பதில்: கூடாது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து வந்த பி.எஸ்-6 டீசல் வண்டிகளில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அது தானாகவே எரித்துக்கொள்ளும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். 4 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் எரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். கரி சேர்ந்துகொண்டே போகும். விளக்கு எரிந்தவுடன், வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சுமார் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாமல், இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி இழுவை குறைந்தால், மேலும் ஓட்டாமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். ஸ்கேனர் மூலம் கரியை எரிக்க வைக்க அவர்களால் முடியும். தள்ளிப்போட்டால் ஃபில்டரையே மாற்ற நேரிடும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. கரி எரியும் நேரத்தில் சைலன்ஸர் பகுதி கடுமையாகச் சூடாக இருக்கும். அந்த நேரத்தில் வைக்கோல் பரப்பிய களத்திலோ, காய்ந்த புல் மேலோ வண்டியை நிறுத்தக் கூடாது, தீப்பிடிக்கும். அடுத்து, எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் கசிந்து இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் ஆயிலை மாற்றிவிட வேண்டும். ஃபில்டரைக் கழற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். புகைச் சான்றிதழ் வாங்குவதிலும் சிக்கல் வரும். கேன்களில் டீசல் வாங்கி ஊற்றுபவர்கள், அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘‘பழைய கார் வாங்கப் போகிறேன். ஓட்டிப் பார்த்தேன், எந்த விளக்கும் எரியவில்லை. நம்பி வாங்கலாமா?’’

- வாசகி, கோபிசெட்டிபாளையம் பகுதி.

பதில்: சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். இன்ஜின் படம், ஆயில் படம், பேட்டரி படம் எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அணைய வேண்டும். சாவி போட்டும் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம் அல்லது வயரை வெட்டியிருக்கலாம். கோட்டை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. ஸ்கேனரில் ‘சோதனைகள் முடியவில்லை’ என்று பல வரிகள் காட்டினால், அண்மையில் கோட் அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது பேட்டரி வயர் கழற்றப்பட்டிருக்கலாம். அப்படியிருந்தால், முன்பணம் கொடுக்காமல் ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் செய்து பார்த்து முடிவெடுங்கள்.